ஒன்றாம் வகுப்பில் எதிரொலி

முருகையனைப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவரிடம் ஆட்டோ இருந்தது. அன்று கூட்டத்துக்கு வந்திருந்த பதினேழு பேரில் பதினாறு பேர் அம்மாக்கள். மிச்சமிருந்த ஒருவரான முருகையனும் கூட்டத்துக்கென்று வந்தவரில்லை. மகள் கவியா மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தவர், வாசலில் வண்டியை அணைக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார். "சொந்த வண்டி வெச்சிருக்காரு" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

தலைவர் என்று ஆகிவிட்டதால் நாமும் அவரை மரியாதையாகவே சொல்லிக்கொண்டு போவோம். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் டீக்கடையில் அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. "நம்ம முருகையன் கழகத்துல தலைவராயிட்டானாம்" என்று ஒருவர் ஆரம்பிக்க, "எந்தக் கழகம்? கொடி எங்கே?" என்று இன்னொருவர் கேட்டார். "எல்லாக் கழகத்துப் பசங்களும் படிக்கிற கழகம்யா" என்று விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் ஆட்டோவின் முதுகில் 'தலைவர், பெ.ஆ.க.' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார். அதைப் படித்துவிட்டு ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் சல்யூட் வைத்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவர் மனத்தில் இருந்தது வேறு. சுதந்திர தினத்தன்று மேடையில் ஒரு நாற்காலி, தோளில் ஒரு துண்டு, மைக்கில் இரண்டு வார்த்தை. நடந்ததோ வேறு. புளியமரத் தெரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் எது ஓடாவிட்டாலும் தலைவரைக் கூப்பிட்டார்கள். வேண்டாதது எது ஓடினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஓடாதது தண்ணீர் மோட்டார். ஓடியது சாரைப் பாம்பு. வேங்கிக்கால் போய்ப் பாடப்புத்தக மூட்டைகளை ஏற்றி வருவது, குரங்கு தூக்கிக்கொண்டு போன முட்டைத் தட்டை மதிலேறி மீட்பது, பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்கள் வகுப்பறையில் புளிசாதப் பொட்டலம் பிரிக்காமல் கேட்டில் நின்று காவல் காப்பது என்று எல்லாம் தலைவர் தலையில் விடிந்தது. பௌர்ணமி அன்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டில் நிற்பதென்றால் என்ன அர்த்தம் என்று அவர் மனைவி வேதாவிடம் கேட்டால் தெரியும். கேட்காமல் இருப்பது நல்லது.

இத்தனையும் அவர் முணுமுணுக்காமல் செய்ததற்குக் காரணம் கவியா. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பின் பாதி வரையிலும் அந்தப் பெண் பள்ளியில் வாயைத் திறக்கவே இல்லை. வீட்டில் பேசுவாள், பள்ளி கேட்டைத் தாண்டினால் உதடு ஒட்டிக்கொள்ளும். டாக்டர், மந்திரிப்பு, தேன் தடவுதல் எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு எழிலரசி டீச்சர் வந்தார். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. தினமும் கவியா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பதில் சொல்லமாட்டாள் என்று தெரிந்தே ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது மாதம் ஒருநாள், "டீச்சர், உங்க வளையல்ல ஒண்ணு கோணலா இருக்கு" என்றாள் கவியா. அன்றைக்குத் திறந்த வாய்தான். இப்போது மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறாள். சிக்னலில் பஸ்காரனைத் திட்டிய அப்பாவை ஆட்டோவிலேயே மன்னிப்புக் கேட்க வைத்தாள். முருகையன் எழிலரசி டீச்சரைத் தெய்வம் என்றே நினைத்தார். வெளியில் சொன்னால் டீச்சருக்குக் கூச்சமாக இருக்குமே என்று அடக்கிக்கொண்டார்.

தலைவர் வேலைகளில் அவர் மிகவும் பெருமைப்பட்ட ஒன்று உண்டு. மே மாதம், ஓய்வு பெறுகிற அவசரத்தில் இருந்த பழைய தலைமையாசிரியை, ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அவர் கையில் கொடுத்து, "பள்ளிக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது, வேங்கிக்கால்ல ஏத்திட்டு வந்துடுங்க" என்றார். கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு பெண் தட்டிக்கொண்டே வர, முருகையன் கணீரென்று படித்தார். நாலாவது பெயர் மு. அண்ணாமலை, புளியமரத் தெரு. ஏழாவது பெயரும் மு. அண்ணாமலை, புளியமரத் தெரு. கதவு எண்கூட ஒன்றே. பிறந்த தேதி மட்டும் வேறாக இருந்தது. எழுதும்போது கை தவறியிருக்கும் என்று தலைவர் அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

"டபுள் என்ட்ரிம்மா. ஒண்ணை அடிச்சிடுங்க."

அடித்துவிட்டார்கள். திரும்பி வந்து வேதாவிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், ஆட்டோவில் ஏறிய முகம் தெரியாத பக்தர்களிடமும் சொன்னார். "நான் மட்டும் பார்க்கலன்னா கவர்மென்ட் கணக்கே தப்பாப் போயிருக்கும் சார்!"

ஜூனில் பள்ளி திறந்ததும் சரோஜா டீச்சர் புதிய தலைமையாசிரியையாக வந்தார். இடமாறுதலில் வந்தவருக்குப் பிள்ளைகளும் புதிது, தெருவும் புதிது. கணினியில் எடுத்த பட்டியல்தான் அவருக்கு வேதம். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை எழிலரசி டீச்சர் பார்த்துக்கொண்டார். அந்த அறைக்குப் பின்னால்தான் மோட்டார். காலையில் முருகையன் மோட்டாரோடு மல்லுக்கட்டும் நேரமும் உள்ளே வருகைப் பதிவு எடுக்கும் நேரமும் ஒன்று.

"அண்ணாமலை."

"உள்ளேன் டீச்சர்." அடுத்த நொடியே கொஞ்சம் சன்னமாக இன்னொரு தரம், "உள்ளேன் டீச்சர்."

முருகையன் காதைத் தீட்டிக்கொண்டார். மற்ற பெயர்களுக்கு ஒரு குரல்தான் வந்தது. அண்ணாமலை என்றால் மட்டும் இரண்டு. மறுநாளும் அப்படியே. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறை புதிதாகக் கட்டியது, எதிரே மலை. நேராகச் சரோஜா டீச்சரிடம் போனார்.

"டீச்சர், புதுக் கட்டடம் எக்கோ அடிக்குது. கான்ட்ராக்டர் சிமென்ட்டைக் கம்மியாப் போட்டுட்டான் போல."

"எல்லாப் பேருக்குமா?"

"மலை பேரைச் சொன்னா மட்டும்தான் டீச்சர். மலை பதில் சொல்லுதோ என்னவோ."

சரோஜா டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மோட்டார் ஆச்சா?" என்று கேட்டார்.

ஜூலை மூன்றாம் வாரம் அந்த இடி விழுந்தது. பள்ளியில் சரோஜா டீச்சரையும் சேர்த்து மூன்று ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு பேர் போதும், அறுபத்தொன்று ஆனால்தான் மூன்று பேர் என்பது விதி. ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்குதான் கணக்கு. பட்டியலில் இருந்ததோ துல்லியமாக அறுபது. மூவரில் பணியில் இளையவர் எழிலரசி டீச்சர் என்பதால், வேறு பள்ளிக்குப் போகவேண்டியவர் அவர்தான்.

"ஒரே ஒரு பிள்ளை டீச்சர்!" என்றார் முருகையன். "ஒரு பிள்ளைக்காகவா?"

"ஒண்ணுதான். இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல." சரோஜா டீச்சருக்கும் மனசு ஒப்பவில்லை என்பது அவர் பேனாவை மூடித் திறந்து மூடியதில் தெரிந்தது. "எங்கயாவது சேர்க்காத பிள்ளை இருக்கான்னு பாருங்க."

அன்றிலிருந்து முருகையன் ஒரு பிள்ளைக்காக ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். வேங்கிக்கால் புது நகரில் வேன் ஏறக் காத்திருந்த பிள்ளைகளின் அப்பாக்களிடம் அரசுப் பள்ளியின் பெருமையைப் பேசினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு எவ்வளவு என்றார்கள். ஆட்டோவில் ஏறிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம், "பொறந்ததும் நம்ம ஸ்கூல்தாம்மா, மறந்துடாதீங்க" என்று வாக்கு வாங்கினார். அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வர ஐந்து வருடம் ஆகுமே என்பது அந்தம்மா இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. கிரிவலப் பாதையில் அவர் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு காவிச் சாமியார், தான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர் என்றும், இப்போது தொடரத் தயார் என்றும் முன்வந்தார்.

"மத்தியானம் சாப்பாடு உண்டா?"

"உண்டு சாமி."

"முட்டை கட்டாயமா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், முருகையன் அந்த யோசனையை மனத்தில் போட்டுப் பார்த்ததை இங்கே மறைப்பதில் பயனில்லை.

பாதையோரம் மோர்க்கடை வைத்திருக்கும் பச்சையம்மாளிடமும் கேட்டார். அவள் புளியமரத் தெருக்காரி.

"எங்க வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் உங்க ஸ்கூல்லதான் அண்ணா இருக்காங்க. வேற யாரும் இல்லையே" என்றாள். பிறகு தயங்கி, "என் பையனுக்கு மட்டும் இன்னும் புத்தகம் வரல. பையும் வரல. எங்க ஓரகத்தி பையனுக்கு எல்லாம் வந்துடுச்சு" என்றாள்.

"வரும்மா, வரும். தலைவர் நான் இருக்கேன்ல?" என்று மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் மனசெல்லாம் அந்த அறுபத்தொன்றாவது பிள்ளைமேல் இருந்தது.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் ஒரு பிள்ளையும் அகப்படவில்லை. அன்று மதியம் முருகையன் கீழ்பென்னாத்தூர் போனார். அங்கே அவர் அக்கா இருக்கிறாள். அக்காவுக்கு சிந்துஜா என்று ஒரு மகள். தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

"ஒரு நாளைக்குதான் அக்கா. காலையில உக்காந்துட்டு மத்தியானம் வந்துடட்டும்."

விஷயம் தெரிந்து வேதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஊர்ல பாத்திரம் இரவல் வாங்குவாங்க, நகை இரவல் வாங்குவாங்க. நீங்க பிள்ளையை இரவல் வாங்கிட்டு வரீங்க. போலீஸ்காரன் சல்யூட் வெச்சான்னு சொன்னீங்களே, அவனே வந்து கூட்டிட்டுப் போகப் போறான்."

"டீச்சர் போயிட்டா கவியா திரும்பவும் வாயை மூடிக்கிட்டா என்ன பண்றது?" என்றார் முருகையன். வேதா கவியாவின் பழைய சீருடையை எடுத்து சிந்துஜாவுக்கு நீளம் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் முதல் தேதி காலையில் முருகையன் எட்டு டிரிப் அடித்தார். சளிப் பிடித்த பிள்ளை, பல் ஆடுகிற பிள்ளை, வரமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்ட பிள்ளை என்று ஒருவரையும் விடவில்லை. அறுபதும் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு நடுவே, மூன்றாம் வகுப்பு வரிசையில், கவியாவுக்குப் பக்கத்தில் சிந்துஜா. அவள் யார் என்று கேட்ட சரோஜா டீச்சரிடம், "புது அட்மிஷன் டீச்சர். டி.சி. பின்னால வருது" என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைப் பக்கம் நழுவிவிட்டார். அந்த நேரம் அதிகாரியின் வண்டி கேட்டில் திரும்பிவிட்டதால் டீச்சரால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் அன்பரசன் அதிகம் பேசாதவர். பிள்ளைகளைப் புங்கமரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, பேனா முனையால் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே போனார். முருகையனும் மனத்துக்குள் கூடவே எண்ணினார். ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் பேனா இன்னொரு தலைக்கு நகர்ந்தது.

"அறுபத்திரெண்டு" என்றார் அன்பரசன். "லிஸ்ட்ல அறுபதுதானே இருக்கு?"

முருகையன் மலையை நிமிர்ந்து பார்த்தார். ஒன்று கேட்டால் அண்ணாமலையார் இரண்டு கொடுத்துவிட்டாரா? இன்னொரு தரம் எண்ணினார்கள். அறுபத்திரண்டேதான்.

அன்பரசன் வரிசைகளைப் பார்த்தார். மற்ற பிள்ளைகள் சப்பணமிட்டு நெளிந்துகொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் விரலை உதட்டில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ எந்த கிளாஸ்மா?"

சிந்துஜா சடாரென்று எழுந்து நின்றாள். "குட் மார்னிங் சார். தேர்ட் ஸ்டாண்டர்ட், பி செக்‌ஷன் சார்."

அந்தப் பள்ளியில் பி செக்‌ஷன் கிடையாது. ஏ செக்‌ஷனும் கிடையாது. மூன்று வகுப்புகளுக்குச் சேர்த்தே ஓர் அறைதான். சிந்துஜா மோட்டார் அறைப் பக்கம் திரும்பி, "மாமா, கரெக்டா சொன்னேனா?" என்று கேட்டாள்.

முருகையன் முன்னால் வந்தார். வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. "என் அக்கா பொண்ணு சார். கீழ்பென்னாத்தூர்ல படிக்குது. டீச்சர் போயிடுவாங்களேன்னு... இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

எழிலரசி டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "எனக்காகவா அண்ணா பொய்யா ஒரு பிள்ளையை உக்கார வெச்சீங்க?" என்றார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அடுத்து எழுந்து நின்றது கவியா.

"அப்பா, பொய் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஒன்றரை வருடம் இந்தக் குரலுக்காகத்தான் முருகையன் ஏறாத படியில்லை. இப்போது அதைக் கேட்டு எங்கே ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் நின்றார். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

அன்பரசன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா கோபத்தை மறைத்தாரா என்பது தெரியவில்லை. "சரி. அந்தப் பொண்ணைக் கழிச்சாலும் அறுபத்தொண்ணு வருதே. இன்னொரு இரவல் யாரு?"

"மலை மேல சத்தியமா ஒண்ணுதான் சார் கொண்டுவந்தேன்!"

"அது குட்டியா இருக்கும் சார்" என்றார் எழிலரசி டீச்சர். "ஒண்ணாங்கிளாஸ் அண்ணாமலையோட தம்பி. அஞ்சு வயசு ஆகியிருக்காது. அண்ணன்கூட வந்து உக்காந்துக்குவான். தினமும் அண்ணனோட சேர்ந்து உள்ளேன் சொல்லுவான். சின்னப் பிள்ளைதானேன்னு விட்டுட்டேன்."

முன்வரிசையில் ஒருவனையொருவன் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் அன்பரசன் எழுப்பினார். ஒருவன் கொஞ்சம் வளர்த்தி. இன்னொருவன் அவன் தோளுக்குத்தான் இருந்தான்.

"உன் பேரு என்னடா?" என்று சின்னவனைக் கேட்டார்.

"குட்டி."

"அது வீட்டுப் பேரு. நல்ல பேரு?"

"அண்ணாமலை."

பிள்ளைகள் சிரித்தன. "அது உங்க அண்ணன் பேருடா" என்றார் அன்பரசன்.

"எனக்கும் அதான்" என்றான் குட்டி. அவன் சிரிக்கவில்லை.

அன்பரசன் பெரியவனிடம் திரும்பினார். "இவன் உன் கூடப் பொறந்த தம்பியா?"

"எங்க சித்தப்பா பையன் சார். எங்க அப்பா முனுசாமி. சித்தப்பா முத்து."

சித்தப்பா மகனும் தம்பிதான். யார் இவன் என்று டீச்சர் ஜூனில் கேட்டபோது, தம்பி என்று அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரண்டு மருமகள்களும் பிள்ளை பிறந்ததும் மலை பெயரை வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

முருகையன் காதில் வேறு ஒரு குரல் கேட்டது. கணீரென்று அவருடைய குரலேதான். முனுசாமிக்கு மு. முத்துவுக்கும் மு. டபுள் என்ட்ரிம்மா. ஒண்ணை அடிச்சிடுங்க.

"பழைய எச்.எம். ரிட்டையர் ஆகிற அவசரத்துல கோட்டை விட்டுட்டாங்க போல" என்று அன்பரசன் சரோஜா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவங்ககிட்ட விளக்கம் கேட்டு எழுதுங்க."

அப்படியே விட்டிருக்கலாம். பழைய தலைமையாசிரியை இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், பட்டியலைப் பற்றி யாரும் முருகையனைக் கேட்கப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு தரம் அவமானப்பட்டாயிற்று, இன்னொன்று எதற்கு? அவர் கவியாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றார். "நான்தான் சார் அந்தப் பிள்ளையை அடிச்சேன்."

அன்பரசனின் முகம் மாறிவிட்டது. "பிள்ளையை அடிச்சீங்களா?"

"ஐயோ, பிள்ளையை இல்ல சார். பேரை. பேரை அடிச்சேன். லிஸ்ட்ல ரெண்டு தடவை இருந்துச்சு. ஒண்ணு தப்புன்னு நினைச்சு நானே அடிக்கச் சொல்லிட்டேன். எச்.எம். மேல ஒரு தப்பும் இல்ல. இந்தப் பிள்ளை இங்கயே உக்காந்திருக்கு, நான் ஊரெல்லாம் தேடிட்டு வரேன் சார்."

சரோஜா டீச்சர் உள்ளே போய் பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். பழைய தலைமையாசிரியையின் மணிமணியான கையெழுத்தில் இரண்டு அண்ணாமலைகளும் இருந்தார்கள், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதியோடு. சின்னவனுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்பரசன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, அறுபதை அடித்து, அறுபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழிலரசி டீச்சர் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கே ஆன்லைன்ல ஏத்திடுங்க. மூணு டீச்சர் அப்படியே இருக்கட்டும்" என்றார் அன்பரசன். வண்டியில் ஏறும்போது ஆட்டோவின் முதுகு ஸ்டிக்கரைப் படித்தார். "தலைவரே, இனிமே பிள்ளை கம்மியானா முதல்ல ஸ்கூலுக்குள்ள எண்ணிப் பாருங்க."

முருகையன் அங்கேயே சரோஜா டீச்சரிடம் பதவி விலகுவதாகச் சொன்னார். டீச்சர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். வேங்கிக்காலுக்கு விடுங்க. ஓட்டுற வேலை உங்களுது. படிக்கிற வேலை என்னுது."

மாலையில் சிந்துஜாவைப் பஞ்சுமிட்டாயோடு கீழ்பென்னாத்தூரில் இறக்கிவிட்டு, குட்டிக்குச் சேரவேண்டிய புத்தகக் கட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு முருகையன் அவன் அம்மாவின் மோர்க்கடைக்குப் போனார். பச்சையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கினாள்.

"நீங்க சொன்னீங்களே அண்ணா, தலைவர் இருக்கேன்னு. பார்த்தீங்களா, வந்துடுச்சு."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு மாசமா தினமும் வந்து கேப்பான் அண்ணா. ஏம்மா டீச்சர் எல்லார் பேரையும் கூப்பிடுறாங்க, என் பேரை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறாங்கன்னு. எனக்கு என்ன தெரியும்? அண்ணன் பேரைக் கூப்பிடும்போது உன் பேரும் அதுதானேடா, நீயும் மெதுவா சொல்லிக்கடான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அவள் மோரை ஊற்றி நீட்டினாள். "குடிங்க. வெயில்ல அலைஞ்சிருக்கீங்க."

முருகையன் அந்த மோரை வாங்கிக் குடித்தார். எப்போதும் போல ஒரே மடக்கில் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் மோட்டார் வழக்கம்போல் ஓடவில்லை. அவர் குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே வருகைப் பதிவு தொடங்கியது. செம்பைக் கீழே வைத்தார்.

"அண்ணாமலை."

"உள்ளேன் டீச்சர்." ஒரே குரல். அவ்வளவுதான்.

இரண்டு பெயர்கள் தாண்டின. எழிலரசி டீச்சர் கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கூப்பிட்டார். "அண்ணாமலை."

"உள்ளேன் டீச்சர்!"

மதில்மேல் முட்டைக்குக் காத்திருந்த குரங்குகள் எழுந்து ஓடும்படியான சத்தம். சத்துணவுக் கூடத்திலிருந்து சமையலம்மா கரண்டியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா தலைவரே, எக்கோ ஜாஸ்தியாயிடுச்சா?"

முருகையன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு செம்பை எடுத்தார்.

"எக்கோ இல்லம்மா" என்றார். "அறுபத்தொண்ணு."